மேகியின் கால்

உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவது பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் செப்டம்பர் 2024-இல் வெளியிட்ட வரைவுக்கு அந்த ஆண்டு அக்டோபர் 20-க்குள் கருத்து அனுப்பியாக வேண்டியிருந்தது. மருத்துவர்களைச் சட்டச் சிக்கலில் இது மாட்டிவிடும் என்று இந்திய மருத்துவச் சங்கம் சொல்லிவிட்டது. மருத்துவ மாணவர்களுக்கு ஏட்காம் (மனப்பான்மை, நெறிமுறை, தொடர்பாடல்) வகுப்பெடுக்கும் நமக்குக் கவலை வேறு.

‘மில்லியன் டாலர் பேபி’ (2004) படத்தின் பயிற்சியாளர் ஃபிராங்கியைப் பல ஆண்டுகளாக வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். அவரிடம் பயின்ற குத்துச்சண்டை வீராங்கனை மேகி, கழுத்துக்குக் கீழே அசைவற்று வென்டிலேட்டரில் கிடக்கிறாள்; தான் சாக உதவும்படி அவரிடம் கேட்கிறாள். ஒரு நள்ளிரவில் அவர் குழாயைக் கழற்றி, அட்ரினலினும் ஏற்றிவிடுகிறார். மாணவர்கள் மளமளவென்று எழுதுவார்கள்: பயன்வாதத்துக்கு வேதனை தீர்ந்தது போதும், காண்ட் ஒப்பமாட்டார், இரட்டை விளைவுக் கோட்பாடு ஊசியோடு உடைகிறது. குழாயைக் கழற்றியதோடு நின்றிருந்தால் நம் உச்ச நீதிமன்றத்தின் 2018 காமன் காஸ் தீர்ப்பின் மொழியில் அது விலக்கல், ஊசி ஏறியதும் கொலை. விடை சரி, மதிப்பெண்ணும் போடுகிறோம்.

மேகிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. சுயநினைவுள்ள வயதுவந்தவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை 2018 தீர்ப்பே ஏற்கிறது. பட்டப்பகலில், மருத்துவரிடமே அவள் கேட்டிருக்கலாம். படத்தில் அதை அவளுக்கு ஒருவரும் சொல்வதில்லை. நம் வகுப்பிலும் கேள்வி ஃபிராங்கியைத் தாண்டிப் போவதில்லை. வரைவின் பிழையும் இங்கேதான். அது மீளா நோயில், மரணம் நெருங்கியவர்களுக்காக எழுதப்பட்டது. மேகி சாகக் கிடப்பவள் அல்ல. அவளைப் போன்ற நோயாளி வென்டிலேட்டரை வேண்டாம் என்றால் சிகிச்சையளிப்பவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. படத்தில் மேகி ஒரு காலையும் இழக்கிறாள். அதை எடுத்தது குத்துச்சண்டை அல்ல, படுக்கைப்புண். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இருந்ததா, உடம்பைத் துடைத்தது யார், மனச்சோர்வுக்கு யாராவது மருத்துவம் பார்த்தார்களா? பயன்வாதியும் காண்ட்டியவாதியும் அந்தப் புண்ணை விதியென்று வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்குகிறார்கள். நான் வேலைபார்த்த ஒரு வார்டில் இரவு முழுக்க நாற்பது படுக்கைக்கு ஒரே செவிலியர். ‘என்னை விட்டுடுங்க’ என்று அங்கே சொன்னவர்களில் எத்தனை பேர் சாவைக் கேட்டார்கள், எத்தனை பேர் முதுகெரிச்சலைச் சொன்னார்கள் என்று பிரித்தறிய எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் லாரி மெக்காஃபிக்கும் கழுத்துக்குக் கீழே செயலிழப்பு, வென்டிலேட்டர். அதை நிறுத்தும் உரிமையை 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. மருத்துவமனைக்கு வெளியே வாழ இடமும் துணையும் கிடைத்தபின் வாழத் தீர்மானித்தார்.

சிகிச்சையை விலக்க ஒப்பும் குழுவுக்கு இருபது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர் வேண்டும் என்று 2018 தீர்ப்பில் சொன்னார்கள். 2023 ஜனவரியில் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று இத்தனை ஆண்டுகள் எண்ணியவர்களுக்கு, நோயாளியைப் புரட்டிப்போட எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ண மட்டும் நேரமில்லை. செவிலியர் பணியிடம் கேட்டு நான் எழுதிய மனுக்களுக்கு ஒரு பதில்கூட வந்ததில்லை.

வரைவுக்கு இந்த இதழின் சார்பில் இரண்டு திருத்தங்களை அனுப்பினோம். சுயநினைவுள்ள, மரணம் நெருங்காத நோயாளியின் மறுப்புக்குத் தனிப் பிரிவு வேண்டும். மருத்துவக் குழு கையெழுத்திடும் படிவத்தில் வலி, படுக்கைப்புண், மனச்சோர்வு மூன்றுக்கும் என்ன செய்யப்பட்டது என்பதற்குத் தேதியோடு இடம் வேண்டும். ஏட்காம் தேர்வில் மேகியைப் பற்றி அடுத்த முறை கேட்பவர்கள் முதல் கேள்வியை அவள் காலிலிருந்து தொடங்குங்கள்.