எண்ணெய் கலந்தவர் மீது பழி போடும் முன்

தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷின் பாதி வரிசையில் இறுகி நின்றுவிட்டால் முதலில் எழும் கேள்வி, "யார் எண்ணெய் கலந்தது?" என்பதுதான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனையும் சிலிண்டரையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது என்பதால் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கோளாறு என்னவென்றால், விசாரணையும் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. கலந்தவர் திட்டு வாங்குகிறார். மெஷின் பட்டறைக்குப் போய்ப் புது பிஸ்டன் செட்டோடு திரும்பி வருகிறது. கழற்றிய பழைய பிஸ்டனோ குப்பைக்குப் போகிறது. நடந்தது என்ன என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அதைப் படிக்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, புது பிஸ்டனும் போடக் கூடாது.

1929இல் ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் மலேசியாவின் கேமரன் மலையில் கொழுந்து விரலால் கிள்ளப்பட்டது. பிறகு கத்தரி வந்தது, ஆள் கிடைக்காத நிலை வந்தபோது மெஷினும் வந்தது. செங்குத்தான சரிவில் இன்றும் கத்தரிதான். மற்ற இடங்களில் வரிசைக்கு இருபுறமும் இரண்டு பேர் பிடித்து நடக்க, வளைந்த அலகு செடியின் மேல்மட்டத்தை வெட்டிச் செல்கிறது. விசிறிக் காற்று கொழுந்தைப் பின்னால் இழுபடும் பைக்குள் தள்ளுகிறது. அதே மலையில் லெம்பா பெர்த்தாமின் காய்கறித் தோட்டங்களில் புல் வெட்டவும் மருந்தடிக்கவும் தூக்கிச் செல்லும் மெஷின்கள் பலவற்றிலும் இதே வகை இன்ஜின்தான். இவை காற்றால் குளிர்பவை. சிலிண்டரைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகளின் இடுக்கில் காற்று ஓடினால்தான் சூடு இறங்கும். வெட்டுப்பட்ட இலைத்தூள் சாற்றோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து அந்த இடுக்குகளில் காய்ந்து அடைத்துக்கொண்டால், மேலே பிளாஸ்டிக் உறை மூடியிருப்பதால் யார் கண்ணிலும் படாது. எண்ணெயைச் சொட்டுப் பிசகாமல் அளந்து ஊற்றியவரின் மெஷினும் இப்படி இறுகும்.

பிஸ்டனைக் கையில் எடுத்தால் கீறல் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். புகை வெளியேறும் பக்கம் மட்டும் கீறி, அலுமினியம் இழுபட்டிருந்தால் பெரும்பாலும் அது சூட்டின் வேலை. தகடுகள் அடைத்திருக்கலாம், கார்பரேட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்திருக்கலாம், கிராங்க் சீல் தேய்ந்து வெறும் காற்று உள்ளே புகுந்திருக்கலாம். பிஸ்டன் சுற்றிலும் ஒரே மாதிரி உரசியிருந்தால்தான் எண்ணெயில்லாப் பெட்ரோல் என்ற சந்தேகம் வலுக்கும். காற்று நுழையும் பக்கம் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் மங்கி, நெடுக மெல்லிய கோடுகள் ஓடியிருந்தால், கிழிந்த அல்லது சரியாக உட்காராத ஃபில்டர் வழியாக மண் போயிருக்கிறது. குளிர்ந்த காலையில் கிளப்பியவுடன் முழு வேகம் கொடுத்தால் சிலிண்டருக்கு முன்பே பிஸ்டன் சூடேறி விரிந்து, நாலு இடத்தில் ஒட்டிய தடம் விழும். ரிங் தன் பள்ளத்தில் கரியோடு சேர்ந்து அசையாமல் கிடந்தால் எண்ணெய் அதிகம், அல்லது மட்டமான எண்ணெய். இத்தனையில் எண்ணெய் கலந்தவரின் கணக்கில் சேர்வது ஒன்றோ இரண்டோதான். பழிக்குப் பயந்து அவர் எண்ணெயைக் கூட ஊற்றுவாரானால் அதுவும் ஆபத்து: 5 லிட்டருக்கு 100 மில்லி என்று கம்பெனி சொன்ன இடத்தில் 200 ஊற்றினால் கரி சேரும், இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறையும்.

கழற்றாமலே தேய்மானத்தை அறிய, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் மலையில் அது சொல்லும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 11 விழுக்காடு குறைவு. 1,500 மீட்டரில் சுமார் 17 விழுக்காடு. கீழே ஈப்போவில் 130 பிஎஸ்ஐ காட்டும் அதே இன்ஜின் மேலே லெம்பா பெர்த்தாமில் 115ஐ ஒட்டித்தான் காட்டும். கீழே எழுதிய கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால் நல்ல சிலிண்டரும் தேய்ந்தது என்று தள்ளப்படும். கீழ்நாட்டில் டியூன் செய்த கார்பரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துக் கரியைச் சேர்க்கும். இங்கே டியூன் செய்த மெஷினைக் கீழே கொண்டுபோய் ஓட்டினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் மெஷின் புதிதாக வந்து கொஞ்சம் ஓடிப் பழகியதும், முழு திராட்டிலில், ஊசி ஏறி நிற்கும்வரை கயிற்றை இழுத்து, வந்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். அதே கேஜில் அந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்பதே பயனுள்ள செய்தி. இறங்கியிருந்தால் பிளக் துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி இழுத்துப் பார்க்கலாம். ஊசி நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கசிவை வேறெங்கோ தேட வேண்டும்.

கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது, மெஷின் நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம், பிஸ்டன் செட்டோ மலிவு. இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்பார். அவர் கவலை நியாயமானது. ஆனால் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போட்ட புது பிஸ்டன் பழைய பிஸ்டன் போன வழியிலேயே போகும். அப்போது மெஷின் இரண்டு முறை நிற்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தலைமயிரின் தடிமனைச் சுற்றியே இருப்பதால் கண்ணால் பார்த்துச் சொல்வது ஊகம்தான். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஃபீலர் கேஜால் பார்க்க ஐந்து நிமிடம் போதும். "சிலிண்டரும் போச்சு" என்று பட்டறை சொன்னாலும் உடனே தலையாட்ட வேண்டியதில்லை. ஆர்எக்ஸ்-ஸெட் மோட்டார் சைக்கிளின் இரும்புச் சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கையில் தூக்கும் மெஷின்கள் பலவற்றில் இருப்பவை உள்ளே முலாம் பூசிய அலுமினியச் சிலிண்டர்கள். அவற்றைக் குடைய முடியாது. ஆனால் கீறல்போலத் தெரிவது சில நேரம் முலாம் மீது ஒட்டிய பிஸ்டன் அலுமினியம்தான். பழகிய கை அதை அமிலத்தால் எடுத்தால் அடியில் முலாம் பழுதில்லாமல் இருக்கக்கூடும்.

பேட்டரி மெஷின் வந்துகொண்டிருக்கிறது, இந்தப் புகை இன்ஜினுக்கு ஏன் இவ்வளவு பாடு என்ற கேள்வியும் உண்டு. வரட்டும், நல்லதுதான், இரைச்சலிலும் புகையிலும் நடக்கும் இருவருக்கும் அது விடுதலை. அதுவரை சரிவில் நாள் முழுக்கத் தூக்கி நடக்கப்போவது இந்த மெஷினைத்தான். அது பழுதானால் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழித்துவிடலாம் என்று எவராவது நினைத்தால், எதைக் கழிக்கலாம் என்பதை மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தோட்டம் செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். கீறல் எந்தப் பக்கம், ஃபில்டர் எப்படி இருந்தது, தகடுகள் அடைத்திருந்தனவா என்று பழுதுச் சீட்டில் எழுதும்படி பட்டறையிடம் சொல்லலாம். கழற்றிய பிஸ்டனைச் சீட்டோடு சேர்த்துக் கட்டித் திருப்பித் தரவும் சொல்லலாம். தர மறுக்கும் பட்டறைக்கு அடுத்த மெஷினை அனுப்ப வேண்டியதில்லை.