வீட்டில் தைப்பவளும் தொழிலாளியே!

தமிழ்நாட்டில் எந்த ஊரில், எந்தத் தெருவில் நடந்து போனாலும், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் காதில் விழும். ஜன்னல் கம்பியில் ஓர் அட்டை தொங்கும்: "இங்கு ரவிக்கை தைத்துத் தரப்படும். சேலைக்கு பால்ஸ் வைத்து, ஓரம் அடித்துத் தரப்படும்." அட்டை தொங்காத வீடுகளிலும் மிஷின் ஓடுகிறது. அங்கே வெட்டிய துணி மூட்டையாக வந்து இறங்குகிறது. உள்பாவாடையாகவும் நைட்டியாகவும் மூட்டை கட்டித் திரும்பிப் போகிறது.

இந்த மாதர்களுக்கு அரசாங்க அதிகாரிகளும் பத்திரிகைகளும் ஒரு பட்டம் சூட்டியிருக்கிறார்கள்: "சுயதொழில் முனைவோர்." வீட்டையும் பார்த்துக் கொள்ளலாம், நாலு காசும் சம்பாதிக்கலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று உபதேசம் நடக்கிறது. தன் கையால் சம்பாதிக்கும் பெண்ணுக்கு வீட்டில் ஒரு மதிப்பு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் பஸ் காசுக்கும் புருஷன் முகத்தைப் பார்க்காமல் இருப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் பட்டம் வயிற்றை நிரப்புமா? ஒரு மணி நேரம் மிஷின் மிதித்தால் அவள் கையில் நிற்பது என்ன? அந்தக் கூலியை நிர்ணயிப்பவர் யார்? இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புகிறோம்.

கணக்குப் பார்ப்போம்

தெருவாருக்குத் தைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக் கொள்வோம். லைனிங் வைத்த ஒரு ரவிக்கைக்குக் கூலி 250 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அளவு ரவிக்கையை வாங்கிப் பார்க்க வேண்டும். லைனிங் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். வெட்ட வேண்டும், தைக்க வேண்டும், கொக்கி வைத்து, காஜா எடுத்து, ஓரத்தைக் கையால் மடித்துத் தைக்க வேண்டும். "தோள் இறங்குகிறது, கை பிடிக்கிறது" என்று திரும்பி வந்தால், கூலியில்லாமல் பிரித்துத் தைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 5 மணி நேரம். லைனிங், நூல், கொக்கி, ஊசி, மின்சாரம், மிஷின் ரிப்பேர் வகையில் 50 ரூபாய் போனால் மீதி 200. மணிக்கு 40 ரூபாய்.

மூட்டை வாங்கித் தைப்பவளின் கணக்கு இதைவிட மோசம். ஒரு பாவாடைக்கு 8 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். நாளெல்லாம் குனிந்து 30 பாவாடை தைத்தால் 240 ரூபாய். நூல் அவளுடையது, மின்சாரம் அவளுடையது, மிஷின் அவளுடையது. அதில் 30 ரூபாய் போனால் 9 மணி நேர வேலைக்கு 210 ரூபாய். மணிக்கு 23 ரூபாய் சொச்சம். "டேமேஜ்" என்று காண்டிராக்டர் நாலு உருப்படியைத் தள்ளிவிட்டால் அதுவும் இல்லை. அடுத்த வாரம் மூட்டை வருமா, வராதா? அவளுக்குத் தெரியாது. கேட்டால், "இஷ்டமில்லையென்றால் விட்டுவிடு, அடுத்த தெருவில் ஆள் இருக்கிறது" என்பதே பதில்.

இந்த இரண்டு கணக்கிலும் அவள் சமைத்த நேரமும், தண்ணீர் பிடித்த நேரமும், பிள்ளையைக் குளிப்பாட்டிய நேரமும் சேரவில்லை.

ஏன் இவ்வளவு மலிவு?

தொழிற்சாலை நடத்தும் முதலாளி கட்டடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். மிஷின் வாங்க வேண்டும். மின்சாரக் கட்டணமும் இ.எஸ்.ஐ., பிராவிடண்ட் பண்டுத் தொகையும் கட்ட வேண்டும். வேலை இல்லாத நாளிலும் செலவு நிற்காது. வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இத்தனையும் மிச்சம்! தொழிலாளியின் வீடே கட்டடம். அவளுடைய மிஷினே மூலதனம். சீசன் போனால் நஷ்டம் அவளுக்கு. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தானே தைக்கிறாள்" என்ற ஒரு சொல்லைக் கொண்டு, முழு வேலைக்கு அரைக் கூலி கொடுக்கும் தந்திரம் நியாயமாக்கப்படுகிறது.

இது புதிய தந்திரமல்ல. 1867இல் வெளிவந்த "மூலதனம்" நூலின் முதல் பாகத்தில் மார்க்ஸ் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நவீன காலத்து வீட்டுத் தொழில் பழைய சுதந்திரக் கைவினைஞனின் தொழிலல்ல; அது ஆலையின் நீட்சிதான் என்று அவர் காட்டினார். தொழிலாளர்கள் சிதறிக் கிடப்பதால் எதிர்த்து நிற்கும் சக்தி குறைகிறது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே தரகர் கூட்டம் நுழைகிறது என்பதையும் அவர் கண்டார். தையல் மிஷின் வந்ததால் உடுப்புத் தொழிலே தலைகீழாக மாறியதையும் அதே நூலில் பதிவு செய்தார். லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையல் பெண், நடன விருந்துக்கான உடுப்புகளுக்காக 26 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் தைத்து, 1863 ஜூன் மாதத்தில் மாண்டு போன கதையை உலகறியச் செய்ததும் அந்த நூலே.

இன்று தீபாவளிக்கு முந்திய வாரத்தில் நம் தெருக்களில் இரவு 2 மணிக்கும் மிஷின் ஓடுகிறதே, அது யாருடைய பண்டிகைக்காக?

மிஷின் கிடைத்தால் போதுமா?

சிங்கர் கம்பெனி 1850களிலேயே அமெரிக்காவில் தவணை முறையில் மிஷின் விற்கத் தொடங்கியது. ஏழை வீட்டுக்குள் மிஷின் போயிற்று. கூடவே கடனும் போயிற்று. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் மிஷின் கொடுக்கப்படுகிறது. இதை நாம் வரவேற்கிறோம். 2023இல் மத்திய அரசாங்கம் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கி, 18 தொழில்களில் தையலையும் சேர்த்து, பயிற்சியும் கருவிக்குத் தொகையும் கடனும் தருவதாக அறிவித்தது. ஆனால் மிஷினைக் கொடுத்தவர்கள் வேலையைக் கொடுத்தார்களா? கடனைக் கொடுத்தவர்கள் கூலிக்கு உத்தரவாதம் கொடுத்தார்களா? ஒரே தெருவில் பத்து மிஷினைக் கொடுத்து, கூலியை நிர்ணயிக்காமல் விட்டால், பத்துப் பெண்களும் ஒருவரோடொருவர் போட்டி போட்டுக் கூலியைக் குறைத்துக் கொள்வதுதான் நடக்கும். வாராவாரம் குழுக் கடன் கட்ட வேண்டியவள் எந்தக் கூலிக்கும் தலையாட்டித்தான் ஆக வேண்டும்.

சட்டத்தில் விழுந்த ஓட்டை

1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. பிறர் கொடுக்கும் பொருளை வாங்கித் தன் வீட்டில் வைத்துச் செய்து தருபவரும் அந்தச் சட்டத்தின்படி தொழிலாளியே. அது சரியாக அமலாகவில்லை என்பது உண்மை. ஆனாலும் கோர்ட்டில் நின்று கேட்க ஒரு பிடி இருந்தது.

2019இல் மத்திய அரசாங்கம் அந்தச் சட்டத்தை நீக்கி, ஊதியத் தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21ஆம் தேதி அது அமலுக்குக் கொண்டுவரப்பட்டது. "தொழிலாளி" யார் என்று சொல்லும் புதிய விளக்கத்தில், வீட்டுக்கு வேலை வாங்கிச் செய்பவரைக் குறித்த பழைய வாசகம் காணப்படவில்லை! 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் "வீட்டிலிருந்து வேலை செய்பவர்" என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது நலத் திட்டங்களுக்கான சட்டம், கூலிக்கான சட்டமல்ல. நலத்திட்டம் என்றால் அவள் கண்ணுக்குத் தெரிகிறாள். கூலி என்றால் மறைந்து விடுகிறாள்!

ஆயினும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. உரிய அரசாங்கம் யாரைத் தொழிலாளி என்று அறிவிக்கிறதோ அவரும் தொழிலாளியே என்று அதே ஊதியத் தொகுப்பு கூறுகிறது. மாநில அரசாங்கம் மனம் வைத்தால், வீட்டுத் தையல் மாதர்களைத் தொழிலாளிகள் என்று அறிவிக்க முடியும். இதற்காகப் போராடுவதே இன்றைய உடனடிக் கடமை என்று நாம் கருதுகிறோம்.

வீடு வீடாகச் சிதறிக் கிடப்பவர்களுக்கு எப்படிக் கூலி நிர்ணயிப்பது என்று அதிகாரிகள் கையை விரிப்பார்கள். பிரிட்டனில் 1909இலேயே சட்டம் போட்டு, ரெடிமேட் தையல் உட்பட நான்கு தொழில்களுக்குக் கூலி வாரியங்கள் அமைத்தார்கள். வீட்டில் செய்யும் வேலைக்கும் உருப்படிக் கூலி நிர்ணயித்தார்கள். நூறு வருஷங்களுக்கு முன் முதலாளித்துவ பிரிட்டனில் முடிந்தது இன்று இங்கே ஏன் முடியாது? சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996இல் வீட்டு வேலையாளர்களுக்கென்றே 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

"இவர்களைச் சங்கத்தில் சேர்க்க முடியாது"

இப்படியொரு வாதம் உழைப்பாளர் இயக்கத்துக்குள்ளும் காதில் விழுகிறது. சொந்த மிஷின் வைத்திருப்பவள் சிறு உடைமைக்காரி அல்லவா, ஆலை வாசலில் கூட்டம் போடுவதுபோல் இவர்களிடம் போக முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். மிஷின் சொந்தமானதால் அவள் முதலாளி ஆகிவிடவில்லை. துணி யாருடையது, விலை வைப்பவன் யார், லாபம் எங்கே போகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

1910இல் இங்கிலாந்தின் கிராட்லி ஹீத் என்ற ஊரில் மாதர்கள் தங்கள் வீட்டுக் கொல்லையில் உலை வைத்துச் சங்கிலி அடித்தார்கள். சட்டப்படி நிர்ணயித்த கூலியை முதலாளிகள் தர மறுத்தபோது, மேரி மெக்கார்தரின் தலைமையில் பத்து வாரம் வேலை நிறுத்தம் செய்து வெற்றி பெற்றார்கள். நம் நாட்டில் 1972இல் அகமதாபாத்தில் இளா பட் தொடங்கிய சேவா சங்கம் வீட்டுத் தொழில் செய்யும் மாதர்களைத் திரட்டிக் காட்டியது. அவர்களுடைய பாதை வேறு, நமது பாதை வேறு. திரட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

தெருவாருக்குத் தைப்பவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்தில் தைப்பவர்கள் கூடி ஒரே கூலிப் பட்டியல் எழுதி, எல்லா வீட்டிலும் ஒட்டினால், பேரம் பேசிக் கூலியைக் குறைப்பது பாதி நின்றுவிடும்.

கூட்டுறவு எனும் வழி

மேரி ஆன் வாக்லி மாண்ட அதே 1863இல், ஜார் மன்னனின் சிறையிலிருந்து செர்னிஷேவ்ஸ்கி ஒரு நாவல் எழுதினார்: "என்ன செய்ய வேண்டும்?" அதன் கதாநாயகி வேரா பாவ்லோவ்னா தையல் பெண்களைக் கூட்டி, லாபத்தை எல்லோருக்கும் பங்கிடும் தையற்கூடம் நடத்துகிறாள். லெனின் மிகவும் போற்றிய நாவல் அது. 1902இல் தமது நூலுக்கும் அதே பெயரை வைத்தார்.

அது வெறும் கற்பனையல்ல. தமிழ்நாட்டில் சமூகநலத் துறையின் கீழ் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைத்துக் கொடுப்பவர்கள் அந்தச் சங்க உறுப்பினர்களே. தரகர் இல்லை, வேலை கொடுப்பது அரசாங்கம். இந்த வழியை விரிவாக்கினால் என்ன? ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும், விடுதித் துணியும், ஊழியர் சீருடையும் இவர்களிடம் வரலாமே!

குடும்பத்துக்குள்ளும் ஒரு கணக்கு

2024இல் மத்திய அரசாங்கம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள்; அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு இது! வீட்டு வேலையின் சுமை பெண்ணை நசுக்குகிறது என்றும், பொதுச் சமையற்கூடமும் குழந்தைகள் காப்பகமும் அதிலிருந்து மீட்கும் முளைகள் என்றும் லெனின் 1919இல் எழுதினார். மாலை வரை நடக்கும் குழந்தைகள் காப்பகம் தையல் பெண்ணுக்குத் தையல் மிஷினைப் போலவே அவசியமான கருவி. மேடையில் சமத்துவம் பேசும் தோழர், வீட்டில் மூட்டை வந்த நாளில் உலை வைக்கிறாரா என்பதும் அரசியல் கேள்விதான்.

நமது கோரிக்கைகள்

வீட்டுத் தையல் மாதர்களை ஊதியத் தொகுப்பின் கீழ் தொழிலாளிகள் என்று மாநில அரசாங்கம் அறிவிக்க வேண்டும். சாதாரண வேகத்தில் 8 மணி நேரம் தைத்தால் குறைந்தபட்ச நாள் கூலி கிடைக்கும்படி உருப்படிக் கூலி நிர்ணயிக்க வேண்டும். நூலும் மின்சாரமும் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். மூட்டை கொடுப்பவர் பதிவேடு வைத்து, வாங்குபவருக்குக் கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும். காண்டிராக்டர் ஏமாற்றினால் அவனுக்கு மேலே உள்ள கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் வார்டுதோறும் முகாம் நடத்திப் பதிவு செய்ய வேண்டும். அரசாங்கத் துணி வேலைகளைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுத்து, கூலியைத் தாமதமின்றி வழங்க வேண்டும். அங்கன்வாடிகள் மாலை வரை நடக்க வேண்டும். இந்தியா 177ஆவது உடன்படிக்கையை ஏற்க வேண்டும்.

மாதர் சங்கமும் தையல் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து தெருத்தெருவாகப் போய், எத்தனை மிஷின், என்ன கூலி, யார் காண்டிராக்டர் என்று கணக்கெடுக்கட்டும். கையில் கணக்கோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் ஆயிரம் மாதர்களைப் பார்த்து, "நீங்கள் தொழிலாளிகள் அல்ல" என்று சொல்ல எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்?