வேனிலே ஒரு சமையலறை

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், "எங்கேயாவது போகலாம்மா" என்று குழந்தைகள் பிய்த்துப் பிடுங்குவார்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, வழியில் நிழலாய்ப் பார்த்து நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, ராத்திரி வேனிலேயே தலையைச் சாய்த்துக்கொள்வதில் ஒரு தனி சுகம்தான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் ஏமாந்தோமோ, அத்தனையும் போச்சு. பட்டவள் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெரியவனுக்கு அப்போது ஒன்றரை வயது. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். விடிகாலையில் பாலைக் காய்ச்சி, குடிக்கிற பக்குவத்தில் ஆற்றி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டேன். பசித்தால் உடனே கொடுக்கலாமே என்ற கெட்டிக்காரத்தனம்! பத்து மணிக்குக் கொடுத்தேன். சாயங்காலம் வாந்தி, பேதி. ஏரியையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்கக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஸ்பூன் ஸ்பூனாக உப்பு-சர்க்கரைக் கரைசல் புகட்டினேன்.

"வெதுவெதுப்பான பாலில் துளி மோர் விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தயிராகும்."

"அந்தச் சூடுதாம்மா கெட்ட கிருமிக்கும் பிடிச்ச சூடு. பிளாஸ்க் அதை ஆறவிடாம காப்பாத்திக் கொடுத்திருக்கு."

அன்று கற்ற பாடம் இதுதான்: சூடென்றால் நல்ல சூடு, குளிர்ச்சியென்றால் நல்ல குளிர்ச்சி. கணக்கில் சொன்னால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், அல்லது 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்ட சூட்டில் சமைத்த பண்டம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடும் வெயிலில் 1 மணி நேரம்தான்.

குளிர்ச்சிக்கு: ஐஸ் பெட்டியை முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வையுங்கள். பொடி ஐஸ் சீக்கிரம் கரையும்; பெரிய கட்டிதான் நின்று பிடிக்கும். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்களில் தண்ணீரை உறைய வைத்தால் கட்டி ரெடி. உறையும்போது நீர் உப்பும், அதனால் விளிம்புவரை ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலை நம்பிப் போகவேண்டாம். ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறிகிற பாட்டில்களுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தடை இருக்கிறது.

குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஆகவே ஐஸ் மேலேயும் இருக்கட்டும். குழந்தைகள் தண்ணீருக்காக நிமிஷத்துக்கு ஒரு தரம் திறப்பார்கள். அதற்குத் தனிப் பெட்டி வைத்துவிடுங்கள். பாலும் தயிரும் இருக்கிற பெட்டியைச் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் திறந்தால் போதும். மீன் கடை ஐஸைப் பாத்திரத்துக்கு வெளியே மட்டும் வையுங்கள், குடிக்கிற தண்ணீரில் போடவே கூடாது.

சூட்டுக்கு: பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி, பத்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் கொதிக்கக் கொதிக்க ரசமோ கஞ்சியோ ஊற்றுங்கள். குழந்தைக்குப் புட்டிப்பால் பவுடர் என்றால் வெந்நீர் தனி, பவுடர் தனி, கொடுக்கும்போதுதான் கரைக்கவேண்டும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையா? ஐஸும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், கொடுத்து வைத்தவர் நீங்கள்!

புளிக்காய்ச்சலைக் கொண்டுபோய், சாதத்தை அங்கேயே வடித்துக் கலந்துகொள்ளுங்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் அரிசி வேக நேரமாகும். குக்கரை மறக்காதீர்கள். வெளியே கிடந்த பழைய சாதத்தைச் சுடவைத்தால் சரியாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். சில கிருமிகள் விட்டுப்போகிற விஷம் சூட்டுக்கு அசையாது.

மழை பெய்தாலும் வேனுக்குள் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். மூடிய இடத்தில் சேருகிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது; தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காட்டுப் பகுதியிலும் நெருப்பு மூட்டக் கூடாது. அங்கே அவல், வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவன் போன மாதம் தன் குழந்தையோடு ஊட்டிக்குக் கிளம்பினான். நான் வாயைத் திறக்குமுன், மருமகள் பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும் அத்தை, நீங்க நிம்மதியா இருங்க" என்றாள். அப்புறம் எனக்கென்ன கவலை?