ஜவாப்தாரி யார்?

பொதுப் பணத்தில் மோசடி நடந்துவிட்டதென்று ஒரு செய்தி வெளியாகிறது. முதல் நாள் தேசமே கொதிக்கிறது. வீதிதோறும் கூட்டம், கூட்டந்தோறும் கண்டனத் தீர்மானம். சில நாட்களில் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை நியமிக்கிறது. உண்மை வெளிவந்தே தீரும் என்று மந்திரிகள் அபயம் அளிக்கிறார்கள். ஜனங்களும் திருப்தியடைந்து வீடு திரும்புகிறார்கள். பிறகு நடப்பது என்ன? கமிஷனின் தவணை நீள்கிறது. ஜனங்களின் ஞாபகம் குறுகுகிறது. குற்றவாளிக்கு வக்கீலைக் காட்டிலும் பெருந்துணை காலதாமதமே என்பதை நம் மக்கள் இன்னும் முற்றும் உணர்ந்தார்களில்லை.

இவ்வாறுதான் நடக்க வேண்டும் என்று விதியொன்றும் இல்லை. சுதந்திரம் பெற்ற பத்தே ஆண்டுகளில் இத்தேசம் வேறு விதமாக நடந்து காட்டியிருக்கிறது. முந்த்ரா விவகாரத்தை நாம் இன்று நினைவூட்டுவது அதன் பொருட்டே.

1956-ஆம் ஆண்டில் ஆயுள் இன்ஷியூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் தேசியமயமாக்கியது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒரே கார்ப்பொரேஷனில் சேர்ந்தன. கிராமத்து உபாத்தியாயரும், ரயில்வே குமாஸ்தாவும், தம் காலத்துக்குப் பின் மனைவி மக்கள் பிறர் கையை எதிர்பார்க்கலாகாது என்று வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. மறு வருஷம், 1957 ஜூன் மாதத்தில், அப்பணத்திலிருந்து சுமார் 1¼ கோடி ரூபாய் எடுக்கப்பட்டு, ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளுடைய பங்குகள் வாங்கப்பட்டன. அந்த மனிதரோ கடனில் மூழ்கித் தத்தளித்துக் கொண்டிருந்தவர். முதலீட்டைப் பற்றி ஆலோசனை கூறுவதற்கென்றே இருந்த கமிட்டியை ஒருவரும் கலந்து கொள்ளவில்லை.

இதனைப் பார்லிமெண்டில் கிளப்பியவர்கள் எதிர்க்கட்சியினர் மாத்திரமல்லர். பிரதம மந்திரி நேருவின் மருமகனும், ஆளும் காங்கிரஸ் கட்சியின் அங்கத்தினருமான ஸ்ரீ பெரோஸ் காந்தியே 1957 டிசம்பரில் எழுந்து நின்று, கையில் ஆதாரங்களுடன் கணக்குக் கேட்டார். கட்சிப் பற்றும் குடும்ப பந்தமும் அவர் நாவைக் கட்டிவிடவில்லை. முதலில் நேரான பதில் வரவில்லை. ஆயினும் கேள்விகள் ஓயாதது கண்டு சர்க்கார் இணங்க நேர்ந்தது.

1958 ஜனவரியில், பம்பாய் ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதி ஸ்ரீ எம்.ஸி. சாக்ளா தனி நபர் கமிஷனாக நியமிக்கப்பட்டார். விசாரணை திரைமறைவில் நடக்கவில்லை, பகிரங்கமாக நடந்தது. உள்ளே இடமின்றி வெளியில் நின்ற ஜனங்களும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மந்திரியும், காரியதரிசியும், கார்ப்பொரேஷன் அதிகாரிகளும் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்கு உட்பட்டார்கள். பிப்ரவரி மாதத்திலேயே அறிக்கை வந்துவிட்டது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு மாதத்துக்கும் குறைவு!

அப்போது நிதி மந்திரியாயிருந்தவர் ஸ்ரீ டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னை நகரம் தந்தவர். அரசியல் சட்ட வரைவுக் கமிட்டியில் பணியாற்றியவர். திறமையில் எவருக்கும் சளைக்காதவர். காரியதரிசி செய்த காரியம் தமக்குத் தெரியாது என்பது அவர் வாதம். நீதிபதி அதனை ஏற்கவில்லை. தம் இலாகாவின் செயலுக்கு மந்திரியே பார்லிமெண்டுக்கு ஜவாப்தாரி என்றும், உத்தியோகஸ்தரின் முதுகுக்குப் பின்னால் அவர் ஒளிந்து கொள்ள இயலாது என்றும் தீர்ப்புரைத்தார். கிருஷ்ணமாச்சாரி இராஜினாமாச் செய்தார். இவ்விஷயத்தில் அவருடைய பங்கு மிகச் சிறிது என்றே பிரதமர் நேரு கருதினார். எனினும் இராஜினாமாவை ஏற்றுக் கொண்டார். தனிப்பட்ட அன்பு வேறு, பொது தர்மம் வேறு என்பது அன்று உணரப்பட்டது.

இதில் சிலர் ஒரு ஆட்சேபம் கூறுவதுண்டு. பகிரங்க விசாரணை நல்லவர்களின் பெயரையும் சந்தி சிரிக்க வைத்துவிடும் என்பார்கள். அந்த அச்சம் முற்றிலும் பொய்யென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் நடந்ததென்ன? கிருஷ்ணமாச்சாரி 1962-ல் மீண்டும் மந்திரி சபையில் இடம் பெற்றார். மறு வருஷம் மீண்டும் நிதி மந்திரியானார். அன்று காரியதரிசியாயிருந்த ஸ்ரீ எச்.எம். படேல் 1977-ல் தாமே நிதி மந்திரியானார். பதவி விலகல் மரண தண்டனையன்று. ஒருவரை ஆயுள் முழுதும் அரித்துத் தின்பது பகிரங்க விசாரணையல்ல. முடியாத விசாரணையும் தெளியாத சந்தேகமுமே.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 1992 டிசம்பரில் அயோத்தி மசூதி இடிக்கப்பட்டது பற்றி விசாரிக்க நியமிக்கப்பட்ட லிபரான் கமிஷனுக்கு அளிக்கப்பட்ட தவணை மூன்று மாதம். அது அறிக்கை தந்தது 2009 ஜூனில்! 48 முறை தவணை நீட்டிக்கப்பட்டது. லோக்பால் மசோதா முதன் முதல் 1968-ல் பார்லிமெண்டில் பிரேரேபிக்கப்பட்டது, நிறைவேறியது 2013-ல், முதல் லோக்பால் தலைவர் பதவியேற்றது 2019-ல். உயர் பதவியாளரிடம் கணக்குக் கேட்கும் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தவே அரை நூற்றாண்டு ஆயிற்றென்றால், தாமதத்தை அஜாக்கிரதை என்று மட்டும் எவ்வாறு கூறுவது?

குறை எங்கே இருக்கிறது? விசாரணைக் கமிஷன் சட்டம் 1952-ல் ஏற்பட்டது. அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், தான் எடுத்த நடவடிக்கையின் விவரத்துடன் சர்க்கார் அதைச் சட்டசபை முன் வைக்க வேண்டுமென்று இன்று அச்சட்டம் விதிக்கிறது. நல்லது. ஆனால் கமிஷனின் தவணையை நீட்டிக்கும் அதிகாரமும் அதே சர்க்காரிடம்தான் இருக்கிறது. அறிக்கை வந்தால்தானே ஆறு மாதக் கணக்கு? வாசலுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சந்தேகத்துக்கு உள்ளானவர் கையிலேயே கொடுப்பது போலல்லவா இது!

ஆகவே நாம் கோருவது பெரிதொன்றுமில்லை. விசாரணை பகிரங்கமாக நடக்கட்டும். தேசப் பாதுகாப்பைப் பற்றியதாயின் அந்தப் பகுதியை மட்டும் மூடிக் கொள்ளலாம். குறித்த தவணையை நீட்டிக்க வேண்டுமாயின், சட்டசபையின் முன் காரணம் கூறி, அங்கத்தினர்களின் சம்மதம் பெறட்டும். இலாகாவின் பிழைக்கு மந்திரியே ஜவாப் சொல்லட்டும். கீழ்ச் சிப்பந்தி ஒருவரைப் பலி கொடுத்துவிட்டு மேலே உள்ளவர்கள் தப்பும் வழக்கம் ஒழியட்டும்.

இவை தாமாக வந்துவிடா. பொதுவாழ்வில் ஈடுபட்டவர்களுக்கு இங்கே கடமை உண்டு. எதிர்க்கட்சியின் ஊழலுக்குக் கூச்சலிட்டு, சொந்தக் கட்சியின் ஊழலுக்குக் கண்ணை மூடிக் கொள்பவருடைய கோபம் கோபமாகாது. அது வெறும் கட்சி வேலை. பெரோஸ் காந்தியின் கேள்விக்குப் பலம் வந்தது அவர் ஆளும் கட்சியில் இருந்தபடியே கேட்டதனால்தான். ஒவ்வொரு கட்சியிலும் அத்தகையவர் பத்துப் பேர் இருப்பார்களானால், எந்த மந்திரிக்கும் பொதுப் பணத்தைத் தொடுமுன் கை நடுங்கும்.

கோபம் ஒரு நாளில் எரிந்து அணைந்துவிடும். கேள்வி அணையலாகாது. கமிஷன் நியமிக்கப்பட்ட நாளைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். தவணை முடிந்த மறுநாள், உங்கள் தொகுதி அங்கத்தினரின் வீட்டு வாசலில் நின்று, அறிக்கை எங்கே என்று கேளுங்கள். ஜனநாயகத்தில் எஜமானர்கள் ஜனங்களே என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கணக்குக் கேட்காத எஜமானனை எந்தக் காரியஸ்தன் மதிப்பான்?