பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம்

பெங்களூர் ஈஜிபுராவின் நெரிசலான தெருக்களில் மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை. தலைவலி மாத்திரையைச் சத்தமாகக் கேட்கும் ஆசாமி, ஆணுறை என்றால் மட்டும் கூட்டம் குறையும்வரை காத்திருப்பார். கடைக்காரரும் பழைய பேப்பரில் சுற்றித்தான் நீட்டுவார். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் புழங்கும் பேட்டையில் இந்தக் கூச்சத்துக்கு மட்டும் மொழி பேதம் கிடையாது.

இத்தனைக்கும் 1968லேயே மத்திய அரசு 'நிரோத்'தைக் கடைவீதிக்குக் கொண்டுவந்துவிட்டது. டீத்தூள், சோப்பு, சிகரெட் கம்பெனிகளின் விநியோகஸ்தர்கள் மூலம் பெட்டிக்கடைவரை போனது. மூன்று உறை 15 பைசா. முதலில் யோசித்த பெயர் 'காமராஜ்' என்றும், காங்கிரஸ் தலைவரின் பெயராயிற்றே என்று கைவிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பிறகு, இந்த உறையின் மதிப்பே மாறியது.

மாத்திரை, காப்பர் டி, ஆபரேஷன் எல்லாம் கருவைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. இரண்டு வேலையையும் செய்வது ஆணுறைதான். ஆனால் நடப்பது என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆணுறையை நம்பும் தம்பதிகள் 9.5 சதவீதம். ஆண்களின் ஆபரேஷன் 0.3 சதவீதம். கத்தி பெண்ணுக்கு, கூச்சம் ஆணுக்கு!

வாங்கினால் போதாது, முறையும் தெரிய வேண்டும். சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 தம்பதிகளில் 2 பேருக்குத்தான் கரு தங்கும். ஏனோதானோவென்றால் 13 ஆகிவிடும். காலாவதித் தேதியைப் பாருங்கள். பர்ஸில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். நுனியில் காற்றில்லாமல் அழுத்திப் பிடித்து, உறவு தொடங்குமுன்பே அணியுங்கள். தேங்காய் எண்ணெய் ரப்பரை நைந்துபோகச் செய்யும். ஒருமுறைக்கு ஒன்று, இரண்டைச் சேர்த்துப் போட்டால் கிழியும். கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

ஆணுறை வேண்டும் என்று மனைவி சொன்னால் "என்மேல் சந்தேகமா?" என்று சீறும் கணவர்கள் உண்டு. அடுத்த பிரசவத்தைத் தாங்க உடம்பில் ரத்தமில்லை என்பதுதான் பல பெண்களின் கவலை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். கூச்சம் விடாதவர்கள் மளிகைச் சீட்டில் அரிசி, பருப்போடு இதையும் எழுதிப் பழகலாம்.