ஆஃப்ஸ்டெட் வர்றாங்களா? முதல்ல பெயின்ட் டப்பாவை மூடி வைங்க

இங்கிலாந்துல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் வீட்டுல இப்போ ஒரு கணக்கு ஓடுது. "மனைவி டிபென்டென்ட் விசாவுல இருக்காங்க, கைக்குழந்தையோட வெளிய வேலைக்குப் போக முடியல. நம்ம குழந்தையோட இன்னும் ரெண்டு குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்துக்கிட்டா வாடகைக்காவது ஆகுமே?"

நல்ல யோசனைதான். ஸ்கில்டு வொர்க்கர் விசாக்காரரோட துணைவர் சுயதொழில் செய்யலாம். ஆனா 8 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தையை உங்க வீட்டுல வெச்சு, ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல, பணம் வாங்கிட்டுப் பார்த்துக்கணும்னா சைல்ட்மைண்டரா பதிவு பண்ணணும். "தெரிஞ்சவங்க குழந்தைதானே, கையில காசு வாங்கிக்கலாம்" அப்படிங்கறது இங்க சட்டப்படி குற்றம்.

பதிவு கொடுக்கறதுக்கு முன்னாடி ஆஃப்ஸ்டெட்ல இருந்து ஒருத்தர் வீட்டுக்கு வருவாங்க. குழந்தைங்க வர ஆரம்பிச்ச பிறகு முதல் இன்ஸ்பெக்‌ஷன் வரும். இந்த ரெண்டுக்கும் வீட்டைத் தயார் பண்றோம்னு காசைக் கரைக்காதீங்க. இதுதான் இன்னைக்கு நான் சொல்ல வர்றது.

நான் பண்ண தப்பு

எங்க வீட்டுக்கு முதல் விசிட்னு தேதி வந்ததும் எனக்குக் கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு. ஹாலுக்குப் பெயின்ட், புது கார்ப்பெட், மர பொம்மைங்க, ஆன்லைன்ல விதிமுறைகள் எழுதின ஒரு ஃபைல். மொத்தம் 1,400 பவுண்டு, எல்லாமே கிரெடிட் கார்டு. முதல் குழந்தை வாசப்படி ஏறறதுக்கு முன்னாடியே தவணை ஆரம்பிச்சிடுச்சு.

வந்த அம்மா சுவரைப் பார்க்கவே இல்ல. சமையலறை, மாடிப்படி, தோட்டக் கதவுன்னு ஒரு சுத்து வந்தாங்க. அப்புறம் உட்கார்ந்து என் மனைவிகிட்ட கேட்டாங்க: "ஒரு குழந்தையோட முதுகுல காயம் தெரியுது. அம்மா சொல்ற காரணம் பொருந்தல. என்ன செய்வீங்க?"

என் மனைவி தடுமாறிட்டாங்க. "அவங்க வீட்டு விஷயம், நாம எப்படிக் கேக்கறது" அப்படித்தானே நாம வளர்ந்தோம். ஆனா இந்த வேலையில சங்கடப்பட்டுச் சும்மா இருக்க முடியாது. பார்த்ததை அப்படியே தேதி போட்டு எழுதி வைக்கணும். கவுன்சிலோட குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லணும். 1,400 பவுண்டுல நான் வாங்கின எதுலயும் இந்தப் பதில் இல்ல.

இன்னொண்ணு: சைல்ட்மைண்டருக்கு விதிமுறைகள் எழுத்துல இருக்கணும்னு கட்டாயமே கிடையாது. பெற்றோர் கேட்டாலும் ஆஃப்ஸ்டெட் கேட்டாலும் விளக்கிச் சொல்லத் தெரிஞ்சா போதும். அந்த ஃபைலை வாங்கினது தண்டச் செலவு.

எதுக்குச் செலவு பண்ணலாம்?

பதிவுக் கட்டணம் 35 பவுண்டு. 12 மணி நேரக் குழந்தைகள் முதலுதவிப் பயிற்சி கட்டாயம், 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ். ஸ்மோக் அலாரம், தேவையான இடத்துல படிக்கு கேட், அலமாரிப் பூட்டு.

காசே இல்லாத வேலை ஒண்ணு இருக்கு. முட்டி போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்து பாருங்க, சிரிக்காதீங்க. நாங்க தவழ்ந்தப்போ கண்ணுல பட்டது: ஜன்னல் திரைக் கயிறு, தொங்கற கெட்டில் ஒயர், ஹேண்ட்பேக்ல பாரசிட்டமால், கீழ்த்தட்டுல இருந்த பூஜை சாமான். கற்பூரமும் தீப்பெட்டியும் குழந்தை கைக்கு எட்டற உயரம்! கற்பூரம் கொஞ்சம் உள்ள போனாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. தைலமும் அப்படித்தான். எல்லாத்தையும் மேல ஏத்தினோம், செலவு பூஜ்யம்.

வீட்டு ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. வீட்டுல இருக்கிற 16 வயசு தாண்டின எல்லாருக்கும் டிபிஎஸ் சோதனை உண்டு. ஒரு ரூமை வாடகைக்கு விட்டிருந்தீங்கன்னா அந்தத் தம்பிக்கும்தான். ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்து மாசக்கணக்குல தங்கப் போறாங்கன்னா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ஆஃப்ஸ்டெட்கிட்ட கேட்டுக்கோங்க.

கணக்கை இப்பவே போடுங்க

பொதுவா ஒரே நேரத்துல 5 வயசுக்குக் கீழே 3 குழந்தைங்க வரைதான், அதுல 1 வயசு ஆகாதது ஒண்ணுதான். உங்க சொந்தக் குழந்தையும் இந்தக் கணக்குல சேரும்! ஒரு பேச்சுக்கு மணிக்கு 6 பவுண்டு, வாரம் 40 மணி நேரம்னு வெச்சுக்கோங்க. 3 குழந்தைக்கு 720 பவுண்டு. வீட்டுல 2 வயசுப் பிள்ளை இருந்தா கைக்கு வர்றது 2 குழந்தைக்கு, அதாவது 480தான். இதுலதான் சாப்பாடு, இன்ஷூரன்ஸ், லீவு வாரம், வரி எல்லாம். 720ஐ நம்பிக் கடன் வாங்கினா மாட்டிக்குவீங்க.

முதல் இன்ஸ்பெக்‌ஷன்லயும் இதே கதைதான். குழந்தைங்களோட நீங்க எப்படிப் பேசறீங்க, விளையாடறீங்கன்னு பார்ப்பாங்க. "இந்தக் குழந்தைக்கு இப்போ என்ன தெரியும், அடுத்து என்ன சொல்லித் தரப் போறீங்க?" அப்படிக் கேட்டா, ஃபைலைத் தேடாம பதில் வரணும். திராட்சையை ஏன் நீளவாக்குல வெட்டித் தர்றீங்கன்னு சொல்லத் தெரியணும். அலாரம் அடிச்சா எந்தக் குழந்தையை யார் தூக்கிட்டு எந்தக் கதவு வழியா ஓடணும்னு ஒத்திகை பார்த்திருக்கணும்.

யோசிச்சுப் பாருங்க. நம்ம குழந்தையை இன்னொருத்தர் வீட்டுல விட்டுட்டு ஆபீஸ் போறோம். அந்த வீட்டுக் கார்ப்பெட் என்ன விலைன்னா கேப்போம்? சாயந்தரம் பிள்ளை பத்திரமா, சந்தோஷமா ஓடி வரணும். ஆஃப்ஸ்டெட் ஆளும் நமக்காக அதைத்தான் பார்க்க வர்றாங்க.

பெயின்ட் அடிக்க வெச்சிருக்கிற காசை அப்படியே பேங்க்ல போடுங்க. முதல் மூணு மாசம் குழந்தையே கிடைக்கலைன்னா அந்தக் காசுதான் உங்க வாடகை.