மார்க்கை கடைசியா கேளுங்க!

கேன்டீன்ல டீ ஆறிப்போற அளவுக்கு 'நுழைவுத் தேர்வு வேணுமா, வேணாமா'ன்னு சண்டை போடுறோமே ஃப்ரெண்ட்ஸ்... ஒரு நாள் அதை விட்டுட்டு, கொஞ்சம் துப்பறிஞ்சு பார்த்தா என்ன?

தமிழ்நாட்டுல 1984-ல நுழைவுத் தேர்வு வந்துச்சு, 2007-ல போச்சு. பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு ஆனதும், பிளஸ் ஒன் பாடத்தையே தொடாம ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வெச்ச ஸ்கூல்கள் கொடிகட்டிப் பறந்துச்சு. 2017-ல நீட் வந்ததும் கோச்சிங் சென்டர் காட்டுல மழை!

நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல கொடுத்த அறிக்கையைப் புரட்டுங்க. மெடிக்கல் சீட் வாங்கினவங்கள்ல, முதல் தடவையே வராம மறுபடி முயற்சி பண்ணி வந்தவங்க 2016-17-ல சுமார் 12 சதவிகிதம்; 2020-21-ல 71 சதவிகிதம்! சம்பாதிக்காம இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிக்க எல்லா வீட்டுலயும் வழி இருக்கா?

உங்க கிளாஸ்லயே கேளுங்க. எத்தனாவது தடவை எழுதின? கோச்சிங் ஃபீஸ் எவ்வளவு? அதுக்கு எதை அடகு வெச்சாங்க? மார்க்கை கடைசியா கேளுங்க. 2020-ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு ஏன் தேவைப்பட்டுச்சுன்னு அப்போ புரியும்!